ஜாங்கோ தளத்தை இரு சூழல்களுக்கும் ஏற்ப அமைத்தல்

பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய தளம், நம் கணினியில் பிழை நேரும்போது அதன் முழு விவரத்தையும் திரையில் காட்ட வேண்டும். பொதுமக்கள் பயன்படுத்தும் சேவையகத்திலோ அவ்விவரங்களை ஒருபோதும் வெளிவிடக் கூடாது. இதைத் தீர்மானிப்பது செட்டிங்ஸ் கோப்பில் உள்ள 'டிபக்' மதிப்பு. ஒவ்வொரு முறையும் அதைக் கையால் மாற்றிப் பதிவேற்றினால் என்றாவது ஒருநாள் மறந்துவிடுவோம் என்பதால், அந்த மதிப்பைச் சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே, இயக்க முறைமையில் வைக்கப்படும் மதிப்பு) படிக்குமாறு அமையுங்கள்.

பலரும் இடறும் இடம் இதுதான். சூழல் மாறிகள் எப்போதும் எழுத்துச் சரங்களாகவே வருகின்றன. பைத்தானில் வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் உண்மை என்றே கொள்ளப்படுவதால், 'ஃபால்ஸ்' என்ற சொல்லை அப்படியே 'பூல்' செயற்கூறுக்குக் கொடுத்தால் விடை 'ட்ரூ' என்றே வரும். ஆகவே மாறியின் மதிப்பு '1' என்ற சரத்துக்குச் சமமா என்று ஒப்பிடுங்கள். மாறியே இல்லாதபோது டிபக் அணைந்திருக்கட்டும். அப்போது மறதியால் கெடுவது நம் வசதி மட்டுமே, தளத்தின் பாதுகாப்பு அன்று.

டிபக் அணைந்த சேவையகத்தில், 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் தளத்தின் பெயர் இல்லையெனில் கோரிக்கைகளுக்கு 400 பிழையே பதிலாக வரும். மேலும், ஜாங்கோவின் சோதனைச் சேவையகமான 'ரன்சர்வர்', படங்கள், சிஎஸ்எஸ் போன்ற நிலைக்கோப்புகளைத் தானாக வழங்காது. அவற்றைக் 'கலெக்ட்ஸ்டாடிக்' கட்டளையால் ஓரிடத்தில் திரட்டி, என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சேவையகத்தின் வழியே வழங்க வேண்டும்.

ரகசியத் திறவுகோலும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் சூழல் மாறிகளிலேயே இருக்கட்டும்; அவற்றைக் கொண்ட கோப்பை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள். மின்னஞ்சலுக்கு, நம் கணினியில் 'கன்சோல்' பின்தளத்தைத் தேர்ந்தால், சோதனைக் கடிதங்கள் உண்மையான வாடிக்கையாளருக்குப் போகாமல் முனையத்திலேயே அச்சாகும். தளத்தை வெளியிடுமுன் 'செக்' கட்டளையை 'டிப்ளாய்' விருப்பத்துடன் இயக்கி, அது காட்டும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.