காஸ்க் ஸ்ட்ரெந்த் விஸ்கியில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்

காஸ்க் ஸ்ட்ரெந்த் என்றால் பீப்பாயிலிருந்து எடுத்தபின் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யாத விஸ்கி. ஸ்காட்லாந்தில் உள்ள ஐலா தீவின் லஃப்ராய்க் 10 வருட காஸ்க் ஸ்ட்ரெந்த், போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த பீப்பாயில் ஊறியது. ஆல்கஹால் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதனால் மூக்கைக் கிளாசுக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி விளிம்பருகே முகருங்கள். முதல் மிடறு தண்ணீர் இல்லாமல், நாக்கு நனையும் அளவுக்கு மட்டும். அப்புறம் ஸ்பூனால் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முகருங்கள். புகைவாசம் தரும் குவாயகோல் என்ற வேதிப்பொருள், ஆல்கஹால் அதிகமிருந்தால் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வரும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரியில் காட்டினார்கள். புகைக்குப் பின்னால் பீப்பாய் தந்த வனிலா இனிப்பும் தெரியும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஐஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும்.