முகப் படங்களுக்கு ஆக்டிவ் அப்பியரன்ஸ் மாடல் பொருத்துவது எப்படி?

1998-இல் கூட்ஸ், எட்வர்ட்ஸ், டெய்லர் மூவரும் முன்வைத்த முறை இது. வடிவத்துக்கு ஒரு மாடல், தோலின் நிறத்துக்கும் நிழலுக்கும் ஒரு மாடல். இரண்டையும் சேர்த்துப் புதிய முகத்தில் பொருத்துகிறோம். பைத்தானும், அதன் எண் கணக்கு நூலகமான நம்பையும் (NumPy) தெரிந்திருந்தால் போதும்.

1. புள்ளிகள். கண், புருவம், மூக்கு, வாய், தாடை என ஒரு முகத்துக்கு 68 புள்ளி குறித்த படத் தொகுப்பாக எடுங்கள். அந்தக் கோப்புகளில் ஆயங்கள் (புள்ளியின் x, y எண்கள்) 1-இல் தொடங்கும், பைத்தானிலோ 0-இல். கோப்பை நீங்களே நிரல் எழுதிப் படிப்பதாக இருந்தால் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

2. கண்ணாடிப் பிம்பம். என்னை இரண்டு நாள் உட்கார வைத்த இடம் இதுதான். படம் குறைவு என்று ஒவ்வொன்றையும் இடவலமாகத் திருப்பிச் சேர்த்தேன். சராசரி முகம் கோடுபோல் நசுங்கி வந்தது! திருப்பினால் ஆயம் மட்டும் மாறினால் போதாது, புள்ளியின் எண்ணும் மாற வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால், படத்தின் இடப்பக்கக் கண்ணின் வெளி ஓரம் 36, வலப்பக்கம் 45. திருப்பியதும் இவை இடம் மாற வேண்டும். அப்படியே 37-க்கு 44, 38-க்கு 43, 39-க்கு 42, 40-க்கு 47, 41-க்கு 46. தாடையில் 0-க்கு 16, 1-க்கு 15. நடுவிலுள்ள 8 அப்படியே இருக்கும். புருவம், மூக்கு, வாய்க்கும் இதே கணக்கு. திருப்பிய படத்தின்மேல் எண்களை எழுதி ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

3. வடிவ மாடல். இடம், அளவு, சாய்வு மூன்றிலும் உள்ள வேறுபாட்டைப் புரொக்ரஸ்டஸ் முறையில் (வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் கணக்கு) நீக்கி, 136 எண்களுக்கும் (68 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் x, y) பிசிஏ போடுங்கள். முகத்துக்கு முகம் எவையெல்லாம் சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சில கூறுகளாகப் பிரித்துத் தரும் கணக்கு அது. 95 சதவீத மாறுபாடு போதும். ஒவ்வொரு கூறையும் கூட்டிக் குறைத்து வரைந்து பாருங்கள். முதல் சில கூறுகளில் தலை திரும்புவதும் வாய் திறப்பதும் தெரியும்.

4. தோற்ற மாடல். எல்லா முகங்களையும் முக்கோணம் முக்கோணமாகச் சராசரி வடிவத்துக்கு இழுத்து, வெளிச்சத்தைச் சமப்படுத்தி, மறுபடி பிசிஏ.

5. பொருத்துதல். இதை மட்டும் நீங்களே எழுத வேண்டாம். மென்போஃபிட் நூலகத்தையே பரிந்துரைப்பேன். 2004-இல் மேத்யூஸ், பேக்கர் விளக்கிய தலைகீழ் முறை அதில் இருக்கிறது. நிறம் புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கை (gradient) ஒவ்வொரு சுற்றிலும் போடாமல் சராசரி முகத்தில் முன்கூட்டியே போட்டு வைப்பதால் வேகம் கிடைக்கிறது.

பின்சேர்க்கை: “வாய்ப் புள்ளிகள் மோவாயில் போய் நிற்கின்றன” என்று சிலர் எழுதியிருந்தார்கள். தொடங்கும் இடம் தள்ளியிருந்தால் இப்படித்தான் ஆகும். முகம் கண்டறியும் கருவி தரும் கட்டத்துக்குள் சராசரி வடிவத்தை வையுங்கள். முதலில் கால் அளவுக்குச் சுருக்கிய படத்தில் பொருத்தி, அப்புறம் பாதி, கடைசியில் முழு அளவு.