கலிஃபோர்னியா நவம்பர் பேலட்டைக் கீழிருந்து மேலே படிப்பது எப்படி

சிட்டிசன்ஷிப் வாங்கியபின் வரும் முதல் தேர்தல் என்றால், அக்டோபரில் தபாலில் வந்து விழும் அந்தத் தடித்த உறையைப் பிரித்ததும் தலை சுற்றத்தான் செய்யும். ஊரில் சின்னத்தைப் பார்த்து ஒரு பட்டனை அழுத்திப் பழகியவர்கள் நாம். இங்கே ஜனாதிபதி அல்லது கவர்னரில் தொடங்கி தண்ணீர் வாரியம் வரை ஒரே ஓட்டுச்சீட்டில் (அதுதான் பேலட்) இருக்கிறது, சின்னம் கிடையாது, பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் கட்சிகூடக் கிடையாது, அப்புறம் கடைசியில் ஆளே இல்லாத, ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லவேண்டிய கேள்விகள் வேறு.

என் யோசனை, கீழிருந்து படியுங்கள். மேலே இருக்கும் பெரிய பதவிகளுக்கு யாருக்குப் போடுவது என்று டிவி பார்த்தே முடிவு செய்திருப்பீர்கள். உங்கள் சொத்து வரியும் பிள்ளையின் பள்ளியும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன, அங்கே போவதற்குள் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

படி 1: இரண்டு புத்தகங்களை எடுத்து வையுங்கள்

மாநிலம் அனுப்புவது ஒன்று, கவுண்டி அனுப்புவது ஒன்று. மாநிலப் புத்தகத்தில் எண் போட்ட ப்ராபொசிஷன்கள், அதாவது மாநிலம் முழுவதற்குமான ஆம் இல்லை கேள்விகள், இருக்கும். கவுண்டி புத்தகத்தில் எழுத்து போட்ட மெஷர்களும் (மெஷர் ஏ, மெஷர் பி என்று வரும் உள்ளூர் ஆம் இல்லை கேள்விகள்) உள்ளூர் வேட்பாளர்களின் அறிக்கைகளும் இருக்கும். பக்கத்து ஏரியா நண்பரிடம் கேட்டு அப்படியே போட முடியாது. பல நகரங்கள் சிட்டி கவுன்சிலை டிஸ்ட்ரிக்ட் (நம்மூர் வார்டு மாதிரி) வாரியாகப் பிரித்துவிட்டதால், ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளியிருப்பவருக்கே வேறு சீட்டு வரும்.

படி 2: உள்ளூர் மெஷரில் கேள்வியைக் கடைசியாகப் படியுங்கள்

இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சீட்டில் அச்சாகும் 75 வார்த்தைக் கேள்வியின் வாசகம் பெரும்பாலும் அந்த மெஷரைக் கொண்டுவரும் பள்ளி டிஸ்ட்ரிக்டோ நகரமோ தருவது. ஒழுகும் கூரையைச் சரிசெய்ய, குழந்தைகளின் பாதுகாப்பை மேம்படுத்த, நல்ல ஆசிரியர்களைத் தக்கவைக்க என்று அது பேசும், யாருக்கு இல்லை என்று சொல்ல மனசு வரும்? அதனால் கவுண்டி புத்தகத்தில் நடுநிலை ஆய்வு என்ற பகுதிக்கு முதலில் போங்கள். நகர மெஷர் என்றால் சிட்டி அட்டர்னி, பள்ளி மெஷர் என்றால் கவுண்டி வழக்கறிஞர் எழுதியிருப்பார். சுவாரசியம் இருக்காது, ஆனால் எவ்வளவு, எத்தனை வருடம், எதற்குச் செலவழிக்கலாம் என்பது அதில் இருக்கும்.

பள்ளி பாண்டு, அதாவது பள்ளிக் கட்டடங்களுக்காக வாங்கிச் சொத்து வரி வழியாக அடைக்கும் கடன், என்று வந்தால் வரி விகித அறிக்கையையும் பாருங்கள். சொத்து வரிக்காக வீட்டுக்குப் போடும் மதிப்பீட்டுத் தொகையில் ஒவ்வொரு ஒரு லட்சம் டாலருக்கும் இத்தனை டாலர் என்று எழுதியிருக்கும். 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் 15 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியவருக்கு வருடம் 450 டாலர். அதே அளவு வீட்டில் முப்பது வருடமாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மதிப்பீடு 4 லட்சம் என்றால் அவருக்கு 120 டாலர்தான். 1978இல் வந்த ப்ராபொசிஷன் 13, வீடு கைமாறும்வரை மதிப்பீட்டை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாததால் வரும் வித்தியாசம் இது. நம்மவர்களில் பலர் அண்மையில் வீடு வாங்கியவர்கள், கணக்குப் போட்டுவிட்டே முடிவெடுங்கள். பார்சல் டாக்ஸ் வேறு மாதிரி: வீட்டின் விலை எதுவானாலும் பெரும்பாலும் ஒரு மனைக்கு ஒரே தொகை. 

எத்தனை சதவீதம் ஓட்டு வேண்டும் என்பதும் ஒன்றுபோல் இருக்காது. பெரும்பாலான பள்ளி பாண்டுகளுக்கு 55 சதவீதம் போதும், 2000இல் வந்த மாற்றம் அது. பள்ளி பார்சல் டாக்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது அங்கே ஒரு 'இல்லை' இரண்டு 'ஆம்'களுக்குச் சமம்.

படி 3: ப்ராபொசிஷனில் 'ஆம்' என்றால் என்ன நடக்கும்?

மாநிலப் புத்தகத்தில் 'ஆம்' போட்டால் இது, 'இல்லை' போட்டால் இது என்று சுருக்கமாகத் தந்திருப்பார்கள். அதைப் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். முக்கியமாக ரெஃபரெண்டம் என்று இருந்தால். சட்டசபை போட்ட சட்டத்தை எதிர்ப்பவர்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவருவது அது, ஆனால் 'ஆம்' என்பது அந்தச் சட்டம் இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். 2022இல் வந்த ப்ராபொசிஷன் 31 அப்படித்தான். சுவையூட்டிய புகையிலைப் பொருட்களின் விற்பனைக்குத் தடை வேண்டும் என்றவர்கள் 'ஆம்' போட வேண்டியிருந்தது.

அடுத்து, பணம் யாருடையது என்று பாருங்கள். ஆப் டிரைவர்களை ஊழியர்களாக இல்லாமல் ஒப்பந்தக்காரர்களாகவே வைத்துக்கொள்ள 2020இல் வந்த ப்ராபொசிஷன் 22க்கு ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் போன்ற கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின, ஜெயித்தும்விட்டன. விளம்பரத்தில் குழுவின் பெயர் 'பாதுகாப்பான தெருக்களுக்கான மக்கள்' என்கிற ரகத்தில்தான் இருக்கும். கீழே பொடி எழுத்தில் பெரிய நன்கொடையாளர்களின் பெயர் போடவேண்டும் என்பது சட்டம், கண் அங்கே போகட்டும்.

படி 4: கட்சி இல்லாத வேட்பாளர்கள்

சிட்டி கவுன்சில், ஸ்கூல் போர்டு, கவுண்டி சூப்பர்வைசர், நீதிபதி பதவிகளுக்குச் சீட்டில் கட்சி அச்சாகாது. பெயருக்குக் கீழே மூன்று வார்த்தைக்குள் தொழில் மட்டும் இருக்கும். அந்த மூன்று வார்த்தையை ஆளாளுக்குச் செதுக்குவார்கள், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கவுண்டி புத்தகத்தில் வரும் அறிக்கைக்குப் பெரும்பாலான இடங்களில் வேட்பாளரே பணம் கட்டவேண்டும், ஆகவே அறிக்கை இல்லாதவர் அக்கறை இல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் கூட்ட வீடியோவும் மினிட்ஸும் நகரத்தின் அல்லது பள்ளியின் வலைத்தளத்தில் கிடைக்கும். உங்களுக்குப் பிடிபடும் ஒரே ஒரு விஷயத்தை, பக்கத்தில் வரப்போகும் அபார்ட்மெண்ட்டோ மூடப்போகும் பள்ளியோ, எடுத்து அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று தேடுங்கள். புதியவர் என்றால் லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்ற கட்சி சாராத அமைப்பு நடத்தும் வேட்பாளர் கூட்டங்களைப் பாருங்கள். அவர்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், யார் மழுப்புகிறார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தபால் பெட்டியை நிறைக்கும் பளபள அட்டைகளை நான் நம்புவதில்லை. யார் யாருக்குப் போடலாம் என்று பட்டியல் தரும் அட்டையில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த இடத்துக்குக் காசு கொடுக்கப்பட்டது என்று அர்த்தம், அட்டையிலேயே அதைச் சொல்லியும் இருப்பார்கள்.

படி 5: மேல்பகுதி

மாநிலப் பதவிக்கு இரண்டு பேருமே ஒரே கட்சியாக இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். ப்ரைமரியில், அதாவது நவம்பருக்கு முன் நடக்கும் முதல்சுற்றுத் தேர்தலில், முதலிரண்டு இடம் பிடித்தவர்கள், எந்தக் கட்சியானாலும், நவம்பருக்கு வருவார்கள். 2016இல் செனட்டுக்குக் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும் மோதினார்கள், இருவரும் டெமாக்ரட்.

எதுவும் புரியாத வரியை வெறுமையாக விட்டுவிடலாம், மற்ற ஓட்டுகள் செல்லும்.

படி 6: உறை

உறையின்மேல் கையெழுத்துப் போடுங்கள், தபால்தலை தேவையில்லை. பதிவு செய்தபோதோ லைசென்ஸ் எடுத்தபோதோ தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழிலேயே போடுங்கள், அதோடுதான் ஒப்பிடுவார்கள். கடைசி நேரம் என்றால் தபாலை நம்பாமல் டிராப் பாக்ஸில் போடுங்கள், தேர்தல் நாளன்று இரவு 8 மணி வரை நேரம் உண்டு. கையெழுத்து பொருந்தவில்லை என்றால் கவுண்டியிலிருந்து திருத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். அதற்கு நாள் கெடு உண்டு, விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.