கழுத்துக்குப் பின்னால் முளைத்த திமில்: எலும்பைத் தட்டுபவர் பாதி, பேருந்து இருக்கை பாதி

கல்யாண ஆல்பத்தில் அம்மாதான் விரல் வைத்துக் காட்டினார். "ஏண்டி, உனக்கு எப்ப திமில் முளைச்சுது?" பந்தியில் பரிமாறும்போது பக்கவாட்டில் எடுத்த படம். உடம்பு ஓரிடத்தில் நிற்க, தலை மட்டும் அரைச் சாண் முன்னால் போய் இலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடரிக்குக் கீழே நிஜமாகவே ஒரு மேடு.

எனக்கு வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வேலை பாண்டியில் ஒரு கணக்கர் அலுவலகத்தில். காலையில் பேருந்தில் போன், பகலெல்லாம் லேப்டாப், சாயங்காலம் மறுபடி பேருந்தில் போன். பன்னிரண்டு வருஷம் இப்படி உட்கார்ந்தால் திமில் முளைக்காமல் தாமரையா முளைக்கும்? நான் டாக்டர் இல்லை. ஐந்து மாதமாக இதைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஆள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

சுவரில் சாய்ந்து நில்லுங்கள். குதிகால் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருக்கலாம். புட்டமும் தோள்பட்டை எலும்பும் சுவரைத் தொட வேண்டும். பார்வை எதிர்ச்சுவர்க் காலண்டரில் நேராக. இப்போது தலையின் பின்பக்கம் தானாகச் சுவரைத் தொடுகிறதா? தொடவில்லையென்றால் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அண்ணாந்து தலையை முட்டவைத்துவிட்டு "தொட்டுடுச்சு" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், முதல் நாள் நான் செய்த கள்ளாட்டம் அதுதான். எனக்கு நான்கு விரல் இடைவெளி. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்னால் எழுதி வைத்தேன். ஒரு பக்கவாட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளி ஏன் முக்கியம்? வளர்ந்தவர் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குவது கழுத்திலுள்ள 7 எலும்புகளும் சுற்றியுள்ள தசைகளும். தலை தோளுக்கு நேர் மேலே இருந்தால் எலும்பு சுமக்கும். முன்னால் சாய்ந்தால் பிடரித் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். நியூயார்க்கில் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014இல் கணக்குப் போட்டு வெளியிட்டார்: தலையை 15 பாகை குனிந்தால் கழுத்தில் சுமார் 12 கிலோ விசை, 30 பாகையில் 18, 60 பாகையில் 27. ஆளை நிறுத்தி வைத்து அளந்ததல்ல, கணினி மாதிரியில் வந்த எண்கள். இருந்தாலும் 27 கிலோ என்றதும் எனக்கு அரிசிச் சிப்பம்தான் ஞாபகம் வந்தது. (25 கிலோவரையிலான பைக்கு 2022இல் ஜிஎஸ்டி போட்டதும் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பமாக்கிவிட்டார்களே, அது. கணக்கர் அலுவலகத்தில் இருப்பவளுக்கு இதெல்லாம் தானாக வாயில் வரும்.) அந்தச் சிப்பத்தைப் பிடரியில் வைத்துக்கொண்டுதான் நான் தினமும் வாட்ஸ்அப் பார்த்திருக்கிறேன்.

எப்போது நேராக டாக்டரிடம் போக வேண்டும்

கை மரத்துப் போவது, தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி வலி, சட்டைப் பொத்தான் போடவே விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் பின்னுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, வலியோடு காய்ச்சல், வண்டியிலிருந்து விழுந்தபின் வந்த வலி, இதுவரை வந்தே இராத கடுமையான தலைவலியோ கழுத்துவலியோ திடீரென்று வருவது. இதில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ கோரிமேட்டு ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே போய்க் காட்டுங்கள். திடீரென்று வந்த வலியோடு தலைசுற்றல், வாய் குழறல், ஒரு பக்கம் செயலிழப்பு இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு இவை எதுவும் இல்லை. இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டினேன். "தேய்மானம் பெரிசா ஒண்ணும் இல்லம்மா, உட்கார்ற விதத்தை மாத்துங்க" என்றார்.

கைரோபிராக்டரிடம் போவது

முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் வைத்தியம் பார்ப்பவர்தான் கைரோபிராக்டர்; தலைப்பில் 'எலும்பைத் தட்டுபவர்' என்றது இவரைத்தான். எங்கள் அலுவலகத்தில் ஒரு அக்காவின் அத்தை பாரிஸ் பக்கம் இருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் "கிரோகிட்ட போயிட்டு வந்தேன்" என்பாராம், கைரோபிராக்டரைத்தான் அங்கே அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். பிரான்சில் 2002இல் சட்டம் போட்டு இந்தத் தொழிலை அங்கீகரித்துவிட்டார்கள். ஆரம்பித்த இடம் அமெரிக்கா: அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் 1895இல் டி.டி. பாமர் என்பவர் தொடங்கினார். அங்கெல்லாம் இது பல வருஷப் படிப்பு, உரிமம் உண்டு. நம் ஊரில் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. ஆகவே பலகையை மட்டும் பார்த்து உள்ளே போகக் கூடாது. எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷப் படிப்பு என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டாம். கைவழிச் சிகிச்சையில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தாலும் போதும்.

நல்ல கை எப்படி இருக்கும்? முதல் நாள் தொடுவதற்கு முன் பேசுவார். ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்வு, பழைய அடி என்று கேட்பார். கழுத்தை எல்லாப் பக்கமும் நீங்களே திருப்பச் சொல்லிப் பார்ப்பார், கைவலுவைச் சோதிப்பார். பிறகுதான் குப்புறப் படுக்க வைத்து நடுமுதுகிலிருந்து ஆரம்பிப்பார். எனக்கு முதல் இரண்டு தடவை கழுத்தைத் திருப்பவே இல்லை; முதுகையும் தோளையும்தான் இளக்கினார்கள். மூன்றாம் தடவை ஒரு 'டக்'. அது எலும்பு இடம் மாறி உட்கார்ந்த சத்தமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வரும் சத்தம், விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவதேதான். சத்தம் வந்தால்தான் பலன் என்று நினைத்துப் பணம் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கழுத்தை வேகமாகத் திருப்புவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிது, ஆனால் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் இதுபற்றி எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டது. திருப்புவது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், திருப்பாமல் மென்மையாகச் செய்யும் முறைகளும் உண்டு. ஆண்கள் தயவுசெய்து இதையும் கேளுங்கள்: முடிவெட்டியதும் தலையைத் தட்டி, தாடையைப் பிடித்து 'மடக்'கென்று சொடக்கு எடுப்பார்களே, அதற்குத் தலையை நீட்டாதீர்கள். என் தம்பி இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

முதலில் நான் போன ஓரிடத்தில் எக்ஸ்ரேவில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டி, 30 தடவைக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டாவிட்டால் தண்டுவடமே போய்விடும் என்கிற தோரணை. நல்லவேளை, என் பையில் அன்று மாதக் கடைசி. நான்கைந்து தடவையில் ஒரு மாற்றமும் தெரியவில்லையென்றால் நாற்பதாவது தடவையில் தெரியப்போவதில்லை என்பது என் கணக்கு.

2012இல் அமெரிக்காவில் கழுத்துவலிக்காரர்கள் 272 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குக் கைரோபிராக்டரின் கைவழிச் சிகிச்சை, சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஓரிரு வகுப்பும் வீட்டுப் பயிற்சியும். மாத்திரையைவிடக் கைவழிச் சிகிச்சை மேல். வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைக் கொடுத்தது. எனக்கு நடந்ததும் அப்படித்தான். கைவழிச் சிகிச்சை முடிந்த அன்று கழுத்து மயிலிறகு மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் பழையபடி பேருந்தில் குனிந்தால் பழைய கழுத்து. அந்த இரண்டு நாள் இளக்கத்துக்குள் பயிற்சியைப் பிடித்துக்கொண்டபோதுதான் விரல் கணக்கு குறைய ஆரம்பித்தது.

தாடை இழுப்பு: இது ஒன்றையாவது விடாதீர்கள்

நேராக உட்காருங்கள். பார்வை நேரே. தாடையைக் கீழேயும் கொண்டுபோகாமல் மேலேயும் தூக்காமல், மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல் தலையைப் பின்னோக்கி நகர்த்துங்கள். ரெட்டைத் தாடை விழும், அழகாக இருக்காது, சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். மண்டையும் பிடரியும் சேரும் இடத்தில் லேசாக இழுவை தெரியும். 5 விநாடி அப்படியே நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை. காலை, மதியம், சாயங்காலம்.

புதியவர்கள் செய்யும் தப்பு: குனிந்து தாடையை நெஞ்சில் ஒட்டுவது. அது வேறு வேலை. இன்னொன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பலமாக இழுப்பது. முழு பலத்தில் பாதி போதும். பிடிபடாவிட்டால் தலையணை இல்லாமல் தரையில் மல்லாந்து படுத்து, தலையின் பின்பக்கத்தைப் பாயில் மெல்ல அழுத்திப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஒரு வாரத்தில் வந்தது. செய்யும்போது கைக்கு வலி பாய்ந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இது பிடிபட்டபின் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். வாசற்படியில் நின்று இரண்டு முன்கைகளையும் கதவு நிலையில் வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை மெதுவாக முன்னே கொடுங்கள். 30 விநாடி, மூன்று தடவை. வருஷக்கணக்கில் சுருங்கிப்போன நெஞ்சுத் தசைதான் தோளை முன்னால் இழுத்து வைத்திருக்கிறது. அடுத்தது, தலையை ஒரு பக்கம் பாதி திருப்பி, அந்தப் பக்க அக்குளை மோந்து பார்ப்பதுபோல் குனிந்து 20 விநாடி. கையால் இழுக்க வேண்டியதில்லை, தலையின் பாரமே போதும். கடைசிப் பயிற்சியைத் தனியறையில் செய்யுங்கள், அலுவலகத்தில் தப்பாக நினைக்கிறார்கள்.

பேருந்து, மேசை, அடுப்படி, தலையணை

என் கழுத்து கெட்டது பேருந்தில், ஆகவே மாற்றத்தையும் அங்கிருந்தே ஆரம்பித்தேன். ஏறியதும் பையை மடியில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி, போனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறேன். தலை நிமிர்ந்தபடி கண் மட்டும் தாழ்ந்திருக்கும். முள்ளோடை எல்லை வரும்வரைதான் போன். அதன்பின் பைக்குள். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் வண்டி நிற்கும்போது இரண்டு தாடை இழுப்பு. ஓடுகிற வண்டியில் வேண்டாம், வேகத்தடை எங்கே வரும் என்று ஓட்டுநருக்கே தெரியாது.

அலுவலகத்தில் பழைய பாக்ஸ் ஃபைல் மூன்றை அடுக்கி லேப்டாப்பை மேலே ஏற்றினேன். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில். தட்டச்சுக்குத் தனிக் கீபோர்டு வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கை தூக்கித் தூக்கித் தோள் போய்விடும். தண்ணீர் பாட்டிலை அரை லிட்டராக மாற்றினேன், அடிக்கடி எழுந்துபோய் நிரப்ப வேண்டியிருக்கும். இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம்: நாள் முழுக்கப் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக உட்காருவதும் வலிக்கும். ஒரே மாதிரி நெடுநேரம் இருப்பதுதான் எதிரி. அரைமணிக்கு ஒருமுறை எழுந்தால், நடுவில் கொஞ்சம் கூனினாலும் குற்றமில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கணக்கு எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

வீட்டில், தரையில் அரிவாள்மனை போட்டுக் காய் நறுக்கும் வேலையை மேடைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மா மாறவில்லை. அவர் கழுத்தில் வலியும் இல்லை. இப்படியும் உடம்புகள் உண்டு.

தலையணையில் ஒரு சுலபமான வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி அளவு உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வாக. கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதற்கு முன், வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையின் ஓரத் தையலைப் பிரித்து இரண்டு கைப்பிடி பஞ்சை எடுத்துப் பாருங்கள். நான் மல்லாந்து படுப்பவள், மூன்று கைப்பிடி எடுத்தேன். குப்புறப் படுப்பவர்கள் இரவு முழுக்கக் கழுத்தை ஒரு பக்கம் முறுக்கி வைத்திருக்கிறீர்கள், அந்தப் பழக்கத்தை மெல்ல விடுங்கள்.

எத்தனை நாள்?

வலி குறைய எனக்கு மூன்று வாரம் ஆனது. விரல் இடைவெளி நான்கிலிருந்து மூன்றாக இரண்டு மாதம். இப்போது ஐந்தாம் மாதம், இரண்டு விரல். கைரோபிராக்டரிடம் மொத்தம் ஆறு தடவை போனேன், அதன்பின் போகவில்லை. திமில் பாதி அடங்கியிருக்கிறது. பிடரியில் கொழுப்பு சேர்ந்து வரும் மேடும் உண்டு, அது பயிற்சியால் போகாது. முகமும் உப்பி, எடையும் ஏறியிருந்தால், அதிலும் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுபவராக இருந்தால், டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை, அதே சுவர், அதே நேரம், அதே ஆள் விரல் வைக்கட்டும். ஆள் மாறினால் விரல் பருமனும் மாறும். தம்பி வைத்தபோது ஒன்றரை விரல் என்று வந்து, நான் ஒரு நாள் முழுக்க ஏமாந்து சந்தோஷப்பட்டேன்.