முதியவரின் உடலை மதிப்பிடும்போது செவிலியர் கவனிக்க வேண்டியவை

முதுமையில் தோல் மெலிந்து மீள்தன்மையை இழப்பதால், நீரிழப்பை அறியப் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது பெரும்பாலும் தவறான முடிவையே தரும். மார்பெலும்பின் மேலுள்ள தோல், நாவின் ஈரம், சிறுநீரின் அளவு ஆகியவற்றைச் சேர்த்தே பாருங்கள். தாக உணர்வும் குறைந்துவிடுவதால், நீர் அருந்தும் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தாதவருக்கு, அவர் கேட்கும்வரை காத்திராமல் நீர் கொடுங்கள்.

எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சரிவதும் உண்டு. 5 நிமிடம் படுக்கவைத்து அளந்தபின், நிற்கவைத்து 1, 3 ஆம் நிமிடங்களில் மீண்டும் அளந்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மி.மீ. பாதரசம் குறைந்திருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

இயல்பான வெப்பநிலையே சற்றுக் குறைவு என்பதால், தொற்று இருந்தும் காய்ச்சல் தென்படாமல் போகலாம். பெயர்கள் நினைவுக்கு வரச் சிறிது தாமதமாவது இயல்பே. திடீர்க் குழப்பத்தை வயதின்மேல் போடுவதோ, என் கருத்தில், மிக ஆபத்தான பழக்கம்.