ஈஸ்ட் எதைத் தின்கிறது? வகுப்பறையில் ஒரு செல் சுவாசச் சோதனை

ஈஸ்ட், சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் பாட்டிலில் போட்டு மேலே பலூன் மாட்டினால் பலூன் உப்பும். பிள்ளைகள் கை தட்டுவார்கள், மணி அடித்துவிடும். இதில் செல் வளர்சிதை மாற்றம் (உணவைச் சிதைத்து ஆற்றல் பெறுவது போன்ற செல்லின் வேதிவினைகள்) எங்கே வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. பக்கத்தில் உப்பாத பாட்டில்களும் இருந்தால்தான் பாடம் தொடங்கும். அதனால் நான் ஒரே நேரத்தில் நான்கு பாட்டில்கள் வைக்கிறேன். பலூனை விட்டு வெகுநாள் ஆகிறது. கடைப் பலூன்கள் விறைப்பாக இருக்கும், வாய்ப்பகுதியில் காற்றும் கசியும். குழாய் வைத்துச் சுண்ணாம்பு நீரில் விட்டால் என்ன வாயு வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முந்தைய நாள் வேலை

சுண்ணாம்பு நீருக்கு ஆய்வகத்தை எதிர்பார்க்க வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும் (வாசனையும் நிறமும் சேர்த்தது வேண்டாம்). ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குலுக்கி, மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு பாட்டிலில் இறுத்து உடனே மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே மேலே ஏடு கட்டவைத்துவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ட்ரிப் செட்தான் என் தேர்வு. விலை குறைவு, வளையும், உள்ளே நடப்பதும் தெரியும். சிறிய தண்ணீர் பாட்டிலின் மூடியில் சூடான ஆணியால் துளை போடுங்கள். துளை குழாயைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி இழுத்தால் இறுக்கமாக உட்காரும். இரண்டு பக்கமும் எம்-சீல் வைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் மூடியைத் திருகி, குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். மூடி ஓரத்தில் குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு பாட்டில்கள்

எல்லாவற்றிலும் 150 மில்லி வெதுவெதுப்பான நீர். 38 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் நல்லது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கை பொறுக்கும் இளஞ்சூடு.

1. ஒரு ஸ்பூன் ஈஸ்ட், இரண்டு ஸ்பூன் சர்க்கரை.
2. ஈஸ்ட் மட்டும்.
3. சர்க்கரை மட்டும்.
4. நன்றாகக் கொதிக்கவைத்து, மற்றவற்றின் சூட்டுக்கே ஆறவிட்ட ஈஸ்ட் கரைசல், கூடவே சர்க்கரை.

நுரை பொங்கிக் குழாய்க்குள் ஏறும் என்பதால் மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். பாட்டில் இன்னும் பெரிதாக இருந்தால் உள்ளேயிருக்கும் காற்று வெளியேறவே நேரம் பிடிக்கும், வகுப்பு முடிந்துவிடும்.

எல்லோரும் சறுக்குகிற இடம்

வெந்நீர் ஊற்றியவுடன் மூடியைத் திருகாதீர்கள்! திருகினால் மூன்றாம் பாட்டிலில், அதாவது ஈஸ்ட்டே இல்லாத பாட்டிலிலும், குழாய் நுனியில் குமிழி வரும். சூட்டில் விரிந்த காற்று அது. ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "சார், சர்க்கரைத் தண்ணியும் மூச்சு விடுது" என்று சொன்னதும் வகுப்பு உங்கள் கையை விட்டுப் போய்விடும். சரி, அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. பாட்டில் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கும், அப்போது சுண்ணாம்பு நீர் குழாய் வழியாக மெல்ல மேலேறிப் பாட்டிலுக்குள்ளேயே போய்விடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு பிளாஸ்டிக் டப்பில் அதே சூட்டில் நீர் ஊற்றி, நான்கு பாட்டில்களையும் அதற்குள் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் திறந்தே இருக்கட்டும். அப்புறம் மூடுங்கள். குழாய் நுனி சுண்ணாம்பு நீரில் லேசாக முங்கினால் போதும். டப்பு நீர் ஆறினால் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் முதல் பாட்டிலின் குழாயில் குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கும். முதலில் வருவது உள்ளே இருந்த காற்றுதான். போகப்போகச் சுண்ணாம்பு நீர் பால் நிறமாகும். ஈஸ்ட் விடும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உண்டாவதால் வரும் கலங்கல் அது. அதிக நேரம் விட்டுவிட்டால் அந்தக் கலங்கல் திரும்பவும் தெளிந்துவிடும். மிகுதியான வாயு அதைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றுகிறது. சோதனை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அதைக் கொதிக்கவைத்தால் மறுபடி கலங்கும், அதையும் காட்டலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இரண்டாம் பாட்டிலிலும் ஓரிரு குமிழி வரலாம். சர்க்கரை போடவில்லையே, பின் எதைத் தின்றது? ஈஸ்ட் செல்கள் ட்ரெஹலோஸ், கிளைகோஜன் என்ற சர்க்கரை வகைப் பொருள்களாக உணவை உள்ளேயே சேமித்து வைத்திருக்கின்றன.

நான்காம் பாட்டிலுக்குப் பிள்ளைகள் சொல்லும் விடை, "ஈஸ்ட் செத்துப்போச்சு". பாதி சரி. 1897-இல் ஜெர்மானிய வேதியியலாளர் எட்வார்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துச் சாறு பிழிந்தார். அந்தச் சாற்றில் உயிருள்ள செல் இல்லை, ஆனாலும் சர்க்கரை நொதித்தது. அதற்காக 1907-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். அப்படியானால் செல் செத்தது மட்டுமே காரணமில்லை. கொதி நீர் கெடுத்தது நொதிகளை, அதாவது செல்லின் வேதிவினைகளை வேகமாக நடத்தும் புரதங்களை.

இந்தக் கட்டத்தில் சர்க்கரைக்குப் பதிலாகப் பாலும், காய்ச்சி ஆறவைத்த சோள மாவுக் கஞ்சியும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் குமிழி மிகக் குறைவு. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி சாதாரண ரொட்டி ஈஸ்ட்டிடம் இல்லை, மாவுச்சத்தை உடைப்பதும் இல்லை. கரும்புச் சர்க்கரையை உடைக்கும் இன்வெர்டேஸ் மட்டும் தாராளமாக உண்டு. செல்லுக்கு எது உணவு என்பதை அதனிடமுள்ள நொதிதான் முடிவு செய்கிறது.

யாராவது இட்லி மாவைக் கேட்பார்கள். அதைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லியூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுக்கு. ஈஸ்ட்டும் இருக்கும், ஆனால் கதாநாயகன் அதுவல்ல.

ஈஸ்ட்டில் இன்ஸ்டன்ட் வகையையே வாங்குங்கள். பாக்கெட் பிரித்தபின் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கவும். சோதனை முடிந்த பாட்டிலை இறுக மூடி வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெடிக்கும்.

பிற்சேர்க்கை 1: சோள மாவு கிடைக்காமல் மைதாவைப் பச்சையாகக் கரைத்து வைத்த ஒரு ஆசிரியை, நன்றாகவே குமிழி வந்ததாக எழுதியிருந்தார். வரத்தான் செய்யும். மைதாவில் கொஞ்சம் சர்க்கரையும், மாவுச்சத்தை உடைக்கும் கோதுமையின் சொந்த அமைலேஸ் நொதியும் இருக்கின்றன. சர்க்கரை சேர்க்காத ரொட்டி மாவு உப்புவது இதனால்தான்.

பிற்சேர்க்கை 2: ஆக்சிஜனோடு நடக்கும் சுவாசத்துக்கு முளைகட்டிய பச்சைப்பயறு வையுங்கள் என்று சிலருக்குச் சொல்லியிருந்தேன். மூடிய பாட்டிலில் பயறு, நடுவே சின்னக் கிண்ணத்தில் சுண்ணாம்பு நீர். ஒப்பிட இன்னொரு பாட்டிலில் வேகவைத்த பயறு. ஒருவருக்கு மறுநாள் வேகவைத்ததிலும் கலங்கியிருக்கிறது. வெந்த பயறு ஊசிப்போய் அதில் வளர்ந்த நுண்ணுயிர்களின் வேலை அது. காலையில் வைத்தால் மதியத்துக்குள் பார்த்துவிடுங்கள்.