இன்ரோனை மறந்தால் இன்சுலின் வராது

பரம்பரையலகில் (ஜீனில்) இடையில் வந்து பிறகு வெட்டி நீக்கப்படும் துண்டு இன்ரோன், மிஞ்சி ஒட்டப்படும் துண்டு எக்சோன். இரண்டையும் மாற்றி எழுதினால் பரீட்சைப் பதற்றம் என்று விட்டுவிடலாம். ஆனால் கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் உயர்தரப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் வருடா வருடம் தலைகாட்டும் வேறு சில பிழைகள் இருக்கின்றன. கீழே உள்ள தலைப்புகள் அவைதான்.

மனிதப் பரம்பரையலகை அப்படியே பற்றீரியாவுக்குள் போடுவது

மனித டி.என்.ஏயில் இருந்து இன்சுலின் பரம்பரையலகை வெட்டி, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் ஒட்டி, ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்குள் விட்டால் இன்சுலின் வரும் என்று எழுதுவார்கள். படம் கீறி நிறமும் தீட்டியிருப்பார்கள். எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கட்டுரை வினாவில் ஒரு பகுதியே போய்விடும்.

விசுவமடுப் பிள்ளை ஒருத்தி விடவில்லை. "சேர், குறியீடு எல்லா உயிருக்கும் ஒண்டுதானே? பிறகேன் பற்றீரியாவுக்கு விளங்காது?"

குறியீடு ஒன்றுதான். ஆனால் வாசிக்க முதல் வெட்ட வேண்டியதை வெட்டியிருக்க வேண்டும். மனித இன்சுலின் பரம்பரையலகில் 2 இன்ரோன்கள் உண்டு. அதில் ஒன்று, இன்சுலின் முதிரும்போது வெட்டி நீக்கப்படும் சி-பெப்டைட் என்ற துண்டுக்குரிய பகுதியையே இரண்டாகப் பிரிக்கிறது. எங்கள் கலத்தில் கருவுக்குள்ளேயே இவை நீக்கப்பட்டு, எக்சோன்கள் ஒட்டிய பிறகுதான், புரதம் செய்ய வாசிக்கப்படும் பிரதியான எம்.ஆர்.என்.ஏ வெளியே வரும். பற்றீரியாவில் கருவும் இல்லை, வெட்டி ஒட்டும் ஸ்பிளைசோசோமும் இல்லை. ஆர்.என்.ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அதை வாசித்துப் புரதம் கட்டும் இரைபோசோம் ஏறிவிடும். முந்தி அருவி வெட்டி, சூடு வைத்து, ஆறுதலாகச் சூடடித்தோம். இப்போது மெசின் வெட்டிக்கொண்டு போகும்போதே நெல் கொட்டுகிறது. பற்றீரியா அந்த மெசின் மாதிரி. இன்ரோனையும் குறியீடாகவே வாசித்துத் தள்ளும்.

சரி, எப்படி எழுதுவது? சதையிக் கலத்தின் எம்.ஆர்.என்.ஏயை எடுத்து, ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியத்தால் அதிலிருந்து இன்ரோன் இல்லாத டி.என்.ஏ பிரதியான சி.டி.என்.ஏ செய்யுங்கள். அதற்கு முன்னால், ஆர்.என்.ஏ எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் பற்றீரியாவின் ஊக்கியை வையுங்கள். மனித ஊக்கியை, ஆர்.என்.ஏயை உருவாக்கும் ஈ.கோலையின் நொதியமான ஆர்.என்.ஏ பொலிமரேஸ் மதிக்காது. 1978இல் ஈ.கோலையில் முதன்முதலாக மனித இன்சுலின் எடுத்தவர்கள் மனித டி.என்.ஏயை வெட்டவே இல்லை. இன்சுலினின் இரண்டு புரதச் சங்கிலிகளுக்குமான டி.என்.ஏயை இரசாயன முறையில் கட்டினார்கள்.

எளிய கலம் என்றால் குறைபாடான கலம்

ஈ.கோலை ஏறத்தாழ 46 இலட்சம் மூலச் சோடிகளுக்குள் 4,000க்கு மேற்பட்ட பரம்பரையலகுகளை அடக்குகிறது. எங்கள் 300 கோடியில் புரதத்துக்குக் குறியிடுவது 2 சதவீதமும் வராது. இதில் யார் குறைபாடு? பற்றீரியாவின் குடித்தொகை மிகப் பெரியது, ஆகவே இன்ரோன் போன்ற சிறு சுமையையும் இயற்கைத் தேர்வு கழித்துவிடும். குடித்தொகை சிறுத்த உயிரிகளில் அந்தச் சுமை தங்கிவிடும். 2003இல் லிஞ்ச், கோனரி என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. எனக்குப் பிடித்ததும் இதுதான், ஆனால் பரீட்சையில் கேட்கமாட்டார்கள்.

இன்ரோன் எல்லாம் குப்பை

ஒரே பரம்பரையலகு தைரொயிட்டில் கல்சிற்றோனின் என்ற ஹோர்மோனையும் நரம்புக் கலத்தில் வேறொரு பெப்டைட்டையும் தருகிறது. இன்ரோனை வெட்டி எக்சோனை ஒட்டும் விதம் மாறுவதால்தான் இது நடக்கிறது. பிறகெப்படி எல்லாம் குப்பை?

யூகரியோட்டா என்றால் கட்டாயம் இன்ரோன்

கலத்தில் கரு உள்ள உயிரிகள்தான் யூகரியோட்டா. அவற்றிலும் கட்டாயம் இல்லை. டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் பரம்பரையலகுகளைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் இன்ரோன் இல்லை.

மனிதக் கலத்துக்குள் லக் ஓப்பரோன்

லக்டோஸைப் பயன்படுத்தும் பரம்பரையலகுகளை ஒன்றாக இயக்கி நிறுத்தும் தொகுதி இது. ஜேக்கப், மொனோ என்ற விஞ்ஞானிகள் 1961இல் விளக்கியது ஈ.கோலையில். மனிதக் கலத்துக்குள் கீறாதீர்கள்.